வடுவும் ஆறுதலும்

இளங்கலை வகுப்பில் அடக்கமுடைமை அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் சற்று நின்று செல்வது என் வழக்கம். தீயினால் சுட்டதைப் புண் என்றும், நாவினால் சுட்டதை வடு என்றும் வள்ளுவர் வேறுபடுத்திச் சொன்ன இடம் அது. ஆறிப்போவது ஆகையால் முன்னதைப் புண் என்றார், ஆறாமல் கிடப்பது ஆகையால் பின்னதை வடு என்றார் என்பது பரிமேலழகர் கருத்து. இருபது ஆண்டுகளாக இவ்விளக்கத்தை ஐயமின்றி மாணவர்க்குச் சொல்லி வந்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கழுத்தில் கத்தி பட்ட பிறகுதான் அதில் எனக்கொரு ஐயம் எழுந்தது. உடம்பைப் பொறுத்தவரை வடு என்பது ஆறாமையின் அடையாளமா, ஆறியதன் அடையாளமா?

தைராய்டுச் சுரப்பியில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தார்கள். நல்லவேளையாக அது தீங்கற்ற கட்டி என்று ஆய்வு முடிவு வந்தது. எஞ்சியது, கழுத்தின் அடியில் ஒரு விரல் நீளத்திற்குக் கிடக்கும் கீறல். கழுத்தின் இயல்பான மடிப்பை ஒட்டியே கீறியிருப்பதாக மருத்துவர் சொன்னார். தையல் பிரித்த அன்று அவர் கூறிய அறிவுரை ஒரே வரிதான்: "இது முழுக்க ஆற ஒரு வருஷம் ஆகும், அவசரப்படாதீங்க."

அந்த ஒரு வருடத்தை எனக்குத் தர எவரும் ஆயத்தமாக இல்லை. பெரியம்மா கஸ்தூரி மஞ்சளை இழைத்துப் போடச் சொன்னார். அண்ணி சோற்றுக் கற்றாழையைக் கொண்டுவந்து கொல்லையில் நட்டே விட்டார். துறைத் தோழி ஒருவர் வைட்டமின் ஈ மாத்திரையைக் கிள்ளி எண்ணெயைத் தடவச் சொன்னார். தேன், தேங்காயெண்ணெய், வெங்காயச் சாறு, பாலேடு என்று பட்டியல் நீண்டது. மருந்துக்கடையில் நின்றால், நான் கேட்காமலேயே கடைத் தம்பி ஒரு களிம்பை எடுத்து முன்னே வைத்தான். எல்லோர் பேச்சும் அன்பிலிருந்தே பிறந்தது. ஆனால் அந்த அன்பின் அடியில் ஒரு பதற்றம் இருந்தது. கட்டி போனதா என்று கேட்டவர்களைவிடத் தழும்பு போகுமா என்று கேட்டவர்களே அதிகம்.

நானும் அசைந்துவிட்டேன். எலுமிச்சைச் சாறு கறுப்பை எடுக்கும் என்று ஒருவர் சொல்ல, ஒரு காலையில் தடவிக்கொண்டு சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தத்திற்கு நடந்தேன். மறுநாள் அவ்விடம் எரிந்தது. அடுத்த நாள் கொப்புளித்தது. பிறகு தழும்பைவிட அகலமான கருந்திட்டாக மாறியது. எலுமிச்சை இனத்துக் காய்களில் உள்ள ஒருவகை வேதிப்பொருள் தோலின்மேல் இருக்கையில் வெயில் பட்டால், அத்தோல் வெந்துபோகும் என்று தோல் மருத்துவர் விளக்கினார். கீறலின் நிறம் மங்க ஆறு மாதம் போதுமாயிருந்தது. நானே வரவழைத்துக்கொண்ட திட்டு மங்க அதைவிடக் கூடுதலாக ஆயிற்று. படித்தவள் என்ற பெயரோடு இதைச் செய்தேன் என்பதால்தான் இக்கட்டுரையை எழுதும் கடமை எனக்கு உண்டென்று கருதுகிறேன்.

*

நம் கைவைத்தியத்தை இழிப்பது என் நோக்கமன்று. அதன்மேல் நாம் ஏற்றியிருக்கும் சுமையைப் பற்றியே பேசுகிறேன். நம் பாட்டிமார் வைத்திருந்தவை பெரும்பாலும் புண்ணுக்கு உரிய மருந்துகள். மஞ்சளும், வேப்பிலையும், ஊமத்தைச் சாற்றோடு மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சிய மத்தன் தைலமும் சீழ் கட்டாமல் புண்ணை ஆற்றுவதற்காக ஏற்பட்டவை. தேனையும் அவ்வாறே சொல்லலாம். சிலவகைத் தீப்புண்களை அது விரைவில் ஆற்றுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன; அதற்கெனத் தூய்மைப்படுத்திய தேனை மருத்துவமனைகளிலும் கட்டுப்போடப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஆறி மூடிய கீறலின்மேல் தேன் பூசினால் வடு மறையும் என்பது வேறொரு கூற்று. அதற்குச் சான்றில்லை. கற்றாழை தோலைக் குளிர்விக்கும், அரிப்பைச் சற்றுத் தணிக்கும், அவ்வளவே. புண்ணுக்குரிய மருந்தை வடுவுக்கு மாற்றியது பாட்டியல்லள். பாட்டியின் பெயரைச் சொல்லி விற்கும் நம் காலம்.

பழைய நூலோர் இவ்வேறுபாட்டை அறிந்தேயிருந்தனர். சுசுருத சங்கிதை புண்ணுக்கான அறுபது செய்முறைகளை வகுக்கிறது. அவற்றில் ஒரு பகுதி, புண் ஆறிய பின் தோலில் நிற்கும் வேறுபாடுகளைச் சீர்செய்வது பற்றியது. வெளுத்த வடுவைக் கறுக்கச் செய்தல், கறுத்த வடுவை வெளிறச் செய்தல், அவ்விடத்தில் மயிர் முளைக்கச் செய்தல் என்று தனித்தனியே பேசுகிறது. அந்த மருந்துகள் பலித்தனவா என்பது வேறு. புண்ணின் மருத்துவம் ஒன்று, வடுவின் மருத்துவம் மற்றொன்று என்னும் தெளிவு அன்றே இருந்தது என்பதைத்தான் குறிப்பிட விரும்புகிறேன்.

உடம்பு வடுவை எவ்வாறு ஆக்குகிறது என்பதை அறிந்துகொண்டபோது எனக்கு வியப்பே மிஞ்சியது. வெட்டுப்பட்ட இடத்தில் முதலில் குருதி உறைகிறது; சில நாள்கள் அவ்விடம் வீங்கிச் சிவந்து அழுக்கை அகற்றுகிறது; பின் சில வாரங்களுக்குப் புதிய திசு நிரம்புகிறது. இது வரை நடப்பது அவசர வேலை. வெள்ளத்தில் உடைந்த கரையை மூங்கிலும் மணல்மூட்டையும் கொண்டு அடைப்பது போன்றது. கொலாஜன் என்னும் இழைப்புரதம் முதலில் தாறுமாறாகவே போடப்படுகிறது. அதன்பின் உடம்பு அவ்விழைகளைப் பிரித்து வலுவான வேறு இழைகளைக் கொண்டு மீண்டும் நெய்கிறது. அந்த வேலை ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் நடக்கிறது. ஒரு வாரத்தில் அவ்விடத்தின் வலிமை பழைய தோலில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. மூன்று மாதத்தில் ஏறத்தாழ 80 பங்கு வரும். அதற்கு மேல் ஏறுவதில்லை. பழைய தோல் திரும்பி வருவதே இல்லை. கருவில் ஏறத்தாழ 24 வாரம் வரை சிசுவின் தோலில் படும் காயம் மட்டும் வடுவின்றி ஆறுகிறது. பிறந்த பின் அந்த வரம் எவர்க்கும் இல்லை.

ஆகவே மூன்றாம் மாதத்தில் வடு சிவந்தும் கறுத்தும் தடித்தும் தெரிவதைக் கண்டு கலங்குவது, தறியில் பாதி நெய்த சேலையைக் கண்டு கலங்குவது போன்றதுதான். களிம்பு விற்போர்க்கு இது நன்றாகத் தெரியும். ஒன்றும் தடவாமலேயே பெரும்பாலான வடுக்கள் ஓராண்டில் மங்கித் தட்டையாகும். அந்த ஓராண்டில் எதைத் தடவியிருந்தாலும் பெருமை அதற்கே போகும். என் கழுத்து ஆறியதற்குத் தன் கற்றாழையே காரணம் என்று அண்ணி இன்றும் சொல்லிவருகிறார். நான் மறுப்பதில்லை.

*

அப்படியானால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? உண்டு. ஆனால் அவை விளம்பரத்திற்கு உகந்தவை அல்ல. பெரும்பாலும் பொறுமையைக் கேட்பவை.

வடுவின் முதல் மருந்து அறுவை மருத்துவரின் கத்தியிலேயே இருக்கிறது. 1861இல் வியன்னாவைச் சேர்ந்த உடற்கூற்றியலாளர் கார்ல் லாங்கர், இறந்தோர் உடல்களில் உருண்டைமுனைக் கருவியால் துளையிட்டுப் பார்த்தார். துளைகள் வட்டமாக இராமல் நீண்டு சாய்ந்தன. தோலுக்கு இடத்துக்கிடம் ஒரு இழுவிசைத் திசை உண்டு என்பதை அவை காட்டின. அத்திசையோடு ஒத்துக் கீறினால் வடு மெலிதாக விழும். குறுக்கே கீறினால் விரியும். தைராய்டு அறுவைக்காக 1909இல் நோபல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் தியோடர் கோக்கரின் பெயரால் வழங்கும் கழுத்துக் கீறலும், 1900இல் ஃபன்னன்ஸ்டீல் விவரித்த அடிவயிற்றுக் குறுக்குக் கீறலும் இன்று வரை நிலைத்திருப்பதற்கு, வடு மறைவாகவும் மெலிதாகவும் அமைவது ஒரு காரணம். ஆனால் உயிர் காக்கும் அவசரத்தில் எந்தக் கீறல் விரைவோ அதுவே சரியான கீறல் என்பதையும் நாம் ஏற்க வேண்டும்.

தையல் பிரித்துப் புண் மூடிய பின் நம் கையில் இருப்பவை சில. முதலாவது, வெயில் படாமல் காப்பது. நம்மைப் போன்ற மாநிறத்தார்க்கும் கருநிறத்தார்க்கும் புதுத்தோல் எளிதில் கறுத்துவிடும். முந்தானையோ துப்பட்டாவோ போதும். இல்லையேல் வெயில்காப்புக் களிம்பு. இரண்டாவது, அவ்விடத்தை உலரவிடாமல் வைப்பது. விலை மிகுந்த களிம்பு வேண்டியதில்லை. வெறும் வாசலின் போன்றதே போதும். மூன்றாவது, மருத்துவர் இசைந்த பின் விரலால் மெல்ல அழுத்தித் தேய்த்துவிடுதல். இறுக்கத்தையும் அரிப்பையும் அது குறைப்பதாகப் பலரும் உணர்கிறார்கள். எனக்கும் அது உதவியது. தடித்து எழும்பும் வடுவுக்குச் சிலிகோன் தகடோ பசையோ நாளில் 12 மணி நேரத்திற்குக் குறையாமல் சில மாதம் இடச் சொல்கிறார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து வழக்கில் உள்ள முறை அது. அதற்கான சான்றுகளும் மிக வலுவானவை அல்ல என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். எனினும் தீங்கு குறைவு.

தோழி சொன்ன வைட்டமின் ஈ எண்ணெயைப் பற்றி ஒன்று. 1999இல் மியாமியில் 15 பேரின் அறுவைத் தழும்புகளில் அதைச் சோதித்தார்கள். தழும்பின் ஒரு பாதிக்கு வெறுங்களிம்பு, மறுபாதிக்கு வைட்டமின் ஈ கலந்த களிம்பு. பத்தில் ஒன்பது பங்குக்கு எந்த நன்மையும் இல்லை, அல்லது வடு மோசமாயிற்று. மூன்றில் ஒருவர்க்கு ஒவ்வாமையும் வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த மாத்திரையைக் கிள்ளும் கை ஓயவில்லை.

கெலாய்டு என்பது வேறு கதை. வடு தன் எல்லையை மீறி, நல்ல தோலுக்குள்ளும் கால் நீட்டி வளர்வது அது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் அலிபேர். காதுமடல், நடுமார்பு, தோள் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். வெளிர்தோல் உடையோரைவிடக் கருந்தோல் உடையோர்க்கே மிகுதியாக வருகிறது. இதற்கு வீட்டு மருந்து எதுவும் பலிக்காது. வெட்டி எறிவதும் தீர்வன்று. வெறுமனே வெட்டினால் பாதிக்குப் பாதியேனும் மீண்டும் வளரும், சில சமயம் முன்னிலும் பெரிதாக. நான்கு முதல் ஆறு வாரத்திற்கு ஒருமுறை ஸ்டீராய்டு மருந்தை வடுவுக்குள்ளேயே ஊசியால் செலுத்துவது, உறையச் செய்வது, காதுமடலில் அழுத்துக்கவ்வி இடுவது, தேவைப்படின் அறுத்த உடன் கதிர்வீச்சு தருவது என்று முறைகள் உள்ளன. லேசரும் உண்டு, ஆனால் கருந்தோலில் அது நிறத்தைக் கெடுக்க வாய்ப்பிருப்பதால் அனுபவமுள்ளவர் கையிலேயே செய்துகொள்ள வேண்டும்.

*

இவ்வளவையும் நான் தேடிப் படிக்கக் காரணம் என் கழுத்தன்று. எங்கள் துறையில் மூன்றாமாண்டு படித்த ஒரு மாணவி. ஆறு வயதில் இதயத்தில் ஓட்டை என்று மார்பெலும்பைப் பிளந்து அறுவை செய்திருக்கிறார்கள். அந்தக் கீறல் நடுமார்பில் கயிறுபோல் தடித்து நின்றது. அவள் தாயார் ஒருநாள் என்னைத் தேடித் துறைக்கே வந்தார். "அம்மா, உங்க கழுத்துல இப்பத் தெரியவே இல்லையே, என்ன போட்டீங்க? தை மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள போகணும்" என்றார்.

ஏற்கெனவே ஓராண்டாக ஒரு களிம்பைத் தடவிவருவதாகச் சொன்னாள் மாணவி. சீட்டில்லாமல் கடையில் வாங்கியது. வீட்டுக்குத் தெரிந்த அக்காவின் முகத்தை வெளுக்கச் செய்த களிம்பாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. வடு அப்படியே இருக்க, அதைச் சுற்றியிருந்த நல்ல தோல் காகிதம்போல் மெலிந்து நரம்புகள் தெரியத் தொடங்கியிருந்தன. இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று இந்திய அரசு 2018இல் ஆணையிட்டிருக்கிறது. ஆணை வேறு, தெருமுனைக் கடை வேறு.

எனக்குக் கோபம் வந்தது. தாயார்மீது அன்று. அந்தப் பெண்ணின் உயிரை மீட்ட கீறல் அது. ஆறு வயதுக் குழந்தையை அறுவை அரங்கிற்குள் அனுப்பிவிட்டு வெளியே காத்திருந்தவர் அத்தாயார்தான். தம் மகள் பிழைத்ததன் சான்றைத் தாமே அழிக்க வேண்டிய நிலைக்கு அவரை யார் கொண்டுவந்து நிறுத்தினார்கள்?

தமிழ் வடுவைக் கண்டு நாணிய மொழியன்று. மார்பில் ஏற்ற விழுப்புண்ணைப் போற்றியது. முதுகில் பட்ட புண்ணுக்கு மட்டுமே நாணியது. வெண்ணிப் போரில் புறப்புண் பட்டதற்காக வடக்கிருந்த பெருஞ்சேரலாதன், அந்தப் புண் வடுவாகும் வரை உயிர் வாழவும் விரும்பவில்லை. அவனே உன்னினும் நல்லன் அல்லனோ என்று வென்ற கரிகாலனிடமே கேட்டார் வெண்ணிக் குயத்தியார். அகநானூற்றில் நக்கீரர் பாடும் ஊணூர்த் தலைவனுக்குத் தழும்பன் என்பதே பெயர். பிடி மிதித்ததால் வழுதுணங்காய்போல் விழுந்த தழும்பு அவன் பெயராகி நிலைத்தது. காஞ்சி ஏகாம்பரநாதர் உமை தழுவிய தழும்பைத் தாங்கி நிற்பதாகத் தலபுராணம் சொல்கிறது. ஆனால் இந்தப் பெருமை எல்லாம் ஆண்களுக்கும் ஆண் தெய்வங்களுக்கும் உரியதாகவே இருந்துவிட்டது. இன்றும் பைபாஸ் செய்துகொண்டவர் தேநீர்க்கடையில் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டுகிறார்; எல்லோரும் வியக்கிறோம். அதே இடத்தில் அதே கீறல் ஒரு பெண்ணுக்கு இருந்தால், ரவிக்கையின் கழுத்தை ஏற்றித் தைக்கச் சொல்கிறோம். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவையால் நடந்தவை. இத்தனை பெண்கள் சுமக்கும் வடுவைக் குறித்து நம் கவிதையில் எத்தனை வரிகள் உள்ளன என்று வாசக நண்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் "தழும்பைப் பெருமையாகக் கொள்" என்று மேடையேறிச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அதுவும் ஒருவகை அதிகாரமே. தடித்த வடு இரவில் அரிக்கும், குளிரில் இழுக்கும், மூட்டின்மேல் விழுந்தால் கையை நீட்டவிடாது. வலிக்கும் வடுவுக்கு மருத்துவம் தேடுவது நாணத்தால் அன்று. கண்ணாடியில் தன்னைக் காணும் ஒரு பெண், இது இன்னும் சற்று மங்கினால் நன்று என்று எண்ணுவதிலும் பிழையில்லை. பிழை எங்கே என்றால், உடம்பு கேட்கும் ஓராண்டைத் தை மாதத்திற்குள் சுருக்கச் சொல்வதில். அந்த அவசரம்தான் எலுமிச்சையைத் தடவ வைக்கிறது. சீட்டில்லாக் களிம்பை வாங்க வைக்கிறது.

மாணவியை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்பினேன். களிம்பை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினாள். ஏழெட்டு மாதம் ஊசி போட்டார்கள். வலித்தது என்றாள். வடு இப்போது தட்டையாகியிருக்கிறது, அரிப்பு நின்றுவிட்டது, கோடு இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். தை மாதம் வந்தவர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிப் போய்விட்டார்கள். காரணம் ஜாதகம்தானா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது பி.எட். படிக்கிறாள்.

தமிழில் புண் 'ஆறுகிறது'. சூடான பாலும் ஆறுகிறது, சினமும் ஆறுகிறது. துயருற்றவர்க்கு நாம் சொல்வதும் ஆறுதல்தான். ஒன்றைப் பதறாமல் செய்தால் ஆற அமரச் செய்தோம் என்கிறோம். தணிவும் தேறுதலும் நிதானமும் ஒரே சொல்லடியில் கூடியிருப்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் கழுத்துக் கீறல் ஆறிய அந்த ஓராண்டில்தான் அதன் பொருள் எனக்கு எட்டியது. பரிமேலழகர் நாவினால் விளைந்த வடுவைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி, அது ஆறுவதில்லை. கத்தியால் விளைந்த வடுவோ ஆறிக்கொண்டே இருப்பது. அதைப் பார்த்து "இது போகாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் நம் நாவை அடக்கினால், அதன் வேலையை அது செய்து முடிக்கும்.